ஒரு பிட்சரை வாங்கிய வருடம்

தோல் கையுறைக்குப் பூசும் எண்ணெயின் வாசம்... வெயிலில் தண்ணீர் தெளித்த செம்மண்ணின் வாசம்... பிளாக்டவுன் பக்கம் நாங்கள் விளையாடிய அந்த பேஸ்போல் மைதானம் எனக்கு மூக்கு வழியாகத்தான் முதலில் நினைவுக்கு வரும்.

என்னை அங்கே இழுத்துப் போனவன் கேதீஸ். இருவரும் ஒரே வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கினோம். டூங்கபியில் அடுத்தடுத்த யூனிற்றில் குடியிருந்தோம். ஊரில் கிரிக்கெட் ஆடியவன் அவன். எல்லைக்கோட்டில் நின்று எறிந்தாலும் பந்து நேரே விக்கெட் கீப்பரின் கைக்குள் போய் விழும். அந்த வலது கையைப் பார்த்துத்தான் கிளப்பில் சேர்த்தார்கள். கூடவே நின்றதால் என்னையும் சேர்த்தார்கள்!

கேதீஸ் நட்சத்திர வீரன் இல்லை. பாதி மச்சுகளில் பெஞ்சில்தான் இருப்பான். ஆனால் யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்பான். எந்த இடமும் அவனுக்குப் புதிது இல்லை.

சின்ன கிளப் அது. உள்ளூர்க் கடைக்காரர்கள் கொடுக்கும் ஸ்பொன்சர் காசுதான். அதில் எல்லோருக்கும் பெற்றோல் காசு கிடைக்கும். காயம் பட்டால் பிசியோ செலவு. பெஞ்சில் இருப்பவனுக்கும் அதே பங்கு.

ஒரு வருடம் ஸ்பொன்சர் காசு கொஞ்சம் கூடுதலாக வந்தது. தலைவர் கிரெக் கூட்டம் கூட்டினார். பேஸ்போலில் ஒவ்வொரு பந்தையும் எறிபவர் பிட்சர், நல்ல பிட்சர் ஒருவர் இருந்தால் மச் பாதி வென்ற மாதிரி, அமெரிக்காவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவோம் என்றார். அவருக்கு டிக்கெட், வீட்டு வாடகை, சம்பளம். மற்றவர்களுக்கு அந்த வருடம் ஒன்றும் இல்லை.

கேதீஸ் எழும்பி, "அவருக்கு ஏலாமல் போனால் யார் எறிகிறது?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"அதுக்குத்தானே, மேட், நீ இருக்கிறாய்!" என்றார் கிரெக். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"என்ன மச்சான், யோசிச்சுக்கொண்டு வாறாய்?"

"அவையள் சொல்லுறதும் பிழையில்லையடா. நல்ல பிட்சர் வந்தா வெல்லலாம்தான்... ஆனா அவனுக்குப் பின்னால ஆக்கள் வேணுமெல்லோ."

டானி வந்தான். உயரமான, கூச்ச சுபாவமுள்ள பெடியன். அவனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. நாங்கள் வென்றோம், அடுத்தடுத்து வென்றோம். சனம் பார்க்க வந்தது.

பெஞ்ச்தான் மெல்ல மெல்லக் காலியானது. தூரத்து பென்ரித்திலிருந்து வந்த தச்சர், பெற்றோல் கட்டாது என்று நின்றுவிட்டார். கொரிய மாணவன் சனிக்கிழமை வேலைக்குப் போனான். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை... வராமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அரையிறுதிக்கு முந்திய கிழமை டானியின் முழங்கை போய்விட்டது.

எறிய வேறு ஆள் இல்லை. கேதீஸின் தோளில் பல நாட்களாகவே நோவு. பிசியோவுக்குப் போக கிளப்பில் காசு இல்லை, அவனிடமும் இல்லை. அரையிறுதியன்று காலை நான் கூப்பிடப் போனபோது அவன் மனைவி வதனி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தோளோட எறியப் போறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

"ஒரு மச்தானே வதனி. எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம். போட்டு வாறன்."

எறிந்தான். கொஞ்ச நேரம், உண்மையாகவே டானியைப் போல எறிந்தான். மைதானத்தில் நின்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பந்து அவன் கையை விட்டுப் போகும்போதே கை தனியாகத் தொங்கியது. தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்து டானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். டானியின் கையிலும் கட்டு. அழுதது டானிதான்.

நாங்கள் தோற்றோம். டானி ஊருக்குத் திரும்பினான். அடுத்த வருடம் அணிக்கு ஆள் சேரவில்லை, கிளப்பை மூடினார்கள். ஒப்பரேஷன் முடிந்தும் கேதீஸின் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பெட்டி தூக்க முடியாதவனுக்கு வெயார்ஹவுஸில் என்ன வேலை? மெல்பேர்னில் தன் மச்சானின் கடையில் வேலைக்கு நிற்க, குடும்பத்தோடு போய்விட்டான்.

இப்போது அமெரிக்க பேஸ்போல் எல்லாம் போனிலேயே வருகிறது. நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொடுப்பது, பெஞ்சுக்கு எவ்வளவு விடுவது என்று கோட் போட்டவர்கள் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். என்னால் கடைசி வரை கேட்க முடிவதில்லை...

போன பள்ளி விடுமுறையில் மெல்பேர்ன் போனேன். கேதீஸின் மகள் பேஸ்போல் மாதிரியான சொஃப்ட்போல் ஆடுகிறாள். பின்னேரம் பார்க்குக்குக் கூட்டிப்போனான். அவள் தூரத்தில் போய் நின்று கையுறையை விரித்தாள்.

கேதீஸ் இடது கையால் எறிந்தான். பந்து பாதி வழியில் விழுந்து புல்லில் உருண்டது. இன்னொன்று எறிந்தான். அதுவும் அப்படியே.

பந்தை எடுத்துக்கொண்டு, தகப்பனுக்குக் கிட்ட வந்து நின்றாள்.