சியெனி கடையில் ஒற்றை நாற்காலி

உட்ரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு எதிரே, துணி துவைக்கும் கடைக்கும் மீன் வறுவல் கடைக்கும் நடுவில் சியெனியின் கடை இருக்கிறது. லோகன் பக்கத்தில் குடியேறிய சமோவாத் தீவுக்காரர்களில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தாக்கல் செய்வது அவள்தான். மேசைக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் வருகிறவருக்கு ஒரு நாற்காலி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டியதுதான்.

"இன்னொரு நாற்காலி வாங்கக்கூடவா வக்கில்ல உனக்கு? எங்ககிட்ட வாங்குற கூலியெல்லாம் எங்க போகுது?" என்று கிழவர் மோசே ஒவ்வொரு ஜூலையிலும் கேட்பார்.

"நின்னா முட்டிக்கு நல்லது பெரியப்பா" என்பாள் சியெனி.

முன்பு வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன.

சியெனி கோழித் தொழிற்சாலையில் கோழி அறுத்துக்கொண்டிருந்தவள். சாயங்கால வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, கடை போட்டாள். படிப்பு அங்கே கற்றுக்கொண்டது. வேலை செய்யும் விதம் அவளே கண்டுபிடித்தது. வரி ஆபீசிலிருந்து ஆளுடைய விவரங்கள் கம்ப்யூட்டரில் வந்து விழுந்ததும் அதைச் சத்தமாக வாசிப்பாள். எங்கே வேலை, எவ்வளவு பிடித்தம், எந்த பாங்கில் வட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருப்பவர் "ஆமா" சொல்ல வேண்டும். திரையைத் திருப்பிக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார்கள். காதில் விழுந்தால்தான் நம்புவார்கள். சர்ச்சில் காணிக்கையைக்கூட, அதிகம் கொடுத்தவர் முதலில், குறைவாகக் கொடுத்தவர் கடைசியில் என்று பேர் சொல்லி வாசிக்கிற சனம் அது. வாசித்தால் உண்மை, வாசிக்காவிட்டால் இல்லை.

அங்கே வரி வருஷம் ஜூனோடு முடியும். ஜூலை பிறந்தால் அவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே தாக்கலாக வேண்டும். முதலாளிமார் கணக்கை முடிக்காமல் வைத்திருப்பார்கள். "இன்னும் தயாராகவில்லை" என்று திரை சொல்லும். அதைச் சொன்னால் "பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்திடுச்சே" என்று சண்டைக்கு வருவார்கள். ரகசிய எண் மகளுடைய போனுக்குப் போயிருக்கும், மகள் வேலைக்குப் போயிருப்பாள். ஒரே தாத்தாவின் பேரை வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர், ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒருவனுடைய அடையாள அட்டையை இன்னொருவன் கொண்டுவருவான். இதற்கு நடுவில் மோசே, சர்ச்சுக்குக் கொடுத்த காணிக்கையை வரியில் கழிக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பார்.

"நம்ம சர்ச்சுக் காணிக்கைக்கு வரிக்கழிவு கிடையாது பெரியப்பா."

"கடவுளுக்குக் குடுத்தது கணக்குல வராதா?"

"கடவுள் கணக்குல வரும். வரி ஆபீஸ் கணக்குல வராது."

"அப்ப ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையா?" என்பார் மோசே. கடை முழுக்கச் சிரிக்கும்.

அப்படி ஒரு ஜூலையில், அங்கே அது குளிர்காலம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கன் எலிசாராவும் அவருடைய மனைவி லாங்கியும் வந்து இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள்.

எலிசாரா போதகருக்குத் துணையாக நிற்பவர், சர்ச்சில் முதல் வரிசைக்காரர். வெள்ளைக் கோட்டும், இடுப்பில் வேட்டிபோலச் சுற்றிய வெள்ளை லாவாலாவாவுமாக அவர் நடந்து வந்தால் பிள்ளைகள் கத்துவதை நிறுத்தும். லாங்கி பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. அவளுடைய தம்பி குடித்துவிட்டுக் காரை மரத்தில் மோதிச் செத்தவன். அன்றிலிருந்து சாராயக் கடை இருக்கும் பக்கத்து நடைபாதையில் அவள் கால் வைத்ததில்லை. எதிர்ப்பக்கம் கடந்து போய் நடப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை சங்கக் கூட்டத்தில் குடியைப் பற்றிப் பேசுவாள். அவள் பேசி முடித்தால் ஆம்பிளைகள் இரண்டு நாளைக்கு அவள் கண்ணில் படமாட்டார்கள்.

லாங்கியின் கணக்கு சீக்கிரம் முடிந்தது. எலிசாராவின் விவரங்களைக் கேட்டதும் திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன சியெனி, உன் கம்ப்யூட்டர் உபவாசமா?" என்றார் எலிசாரா.

"ஊர் முழுக்க ஒரே நேரத்துல கதவைத் தட்டினா அவன் என்னதான் பண்ணுவான் டீக்கனய்யா."

அப்போது அவருக்குப் போதகரிடமிருந்து போன் வந்தது. பக்கத்துக் கடைத் துவைக்கும் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று தெருவுக்குப் போனார். அவர் கதவைச் சாத்தியதும் சக்கரம் நின்றது. விவரங்கள் வந்து விழுந்தன.

வந்ததே என்ற சந்தோஷம் சியெனிக்கு. பழக்கதோஷத்தில் வாசித்தாள். "முதல் இடம், மெத்தை தைக்கிற கம்பெனி." லாங்கி "ஆமா" என்றாள். "ரெண்டாவது இடம்..." என்று ஒரு பேரை வாசித்தாள். பீர் காய்ச்சுகிற கம்பெனியின் பேர். வாசித்துவிட்டு வழக்கம்போல "ஆமா"வுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். லாங்கி மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அவர் சனிக்கிழமை போறது குளிர்பானக் கிடங்குக்கு" என்றாள் லாங்கி.

சியெனி மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ படி."

சியெனி படித்தாள்.

பிற்பாடு அவளைத் தின்றது இதுதான். முதல் தடவை வாய் தவறியது. வேலைப்பளு, சக்கரம், குளிர், எதையாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை தெரிந்தே படித்தாள். பெரியவர்கள் சொன்னால் மறுக்கத் தெரியாமல் வளர்ந்த வாய் அது. "அக்கா, இது அவரோட கணக்கு, உங்ககிட்ட படிக்க எனக்கு உரிமை இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சாயங்கால வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையிலும் சரியாக எழுதினாள். லாங்கி முகத்துக்கு எதிரே அது வரவில்லை.

எலிசாரா உள்ளே வந்தார். "என்ன, வந்துச்சா?"

"இன்னும் சுத்துதாம்" என்றாள் லாங்கி, எழுந்துகொண்டே. "உங்க ஆபீஸ்காரங்க முடிக்கலயாம். இன்னொரு நாள் நீங்க வந்துக்கோங்க. வாங்க, மார்க்கெட் மூடிருவான்."

சியெனி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலும் ஒரு பொய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் தன் வழக்கமான இடத்தை விட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து சாப்பாட்டு வேலை நடக்கும்போது சர்ச்சுக் கூடத்துச் சமையலறைக்குப் போனாள். லாங்கி தனியாக வெந்த சேப்பங்கிழங்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். சியெனி அவள் எதிரே போய்த் தலையைக் குனிந்தாள்.

"தலைய நிமித்து" என்றாள் லாங்கி, கத்தியை நிறுத்தாமல்.

"அக்கா, நான் பண்ணது..."

"நிமித்துடீ. யாராவது வந்தா என்னன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவே? நான் என்ன சொல்லுவேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ படிக்கல. என் காதுல விழல. அவரா என்னிக்குச் சொல்றாரோ அன்னிக்கு நான் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் உன் வாய்லேருந்து மூச்சு வரக் கூடாது. இந்தா, தட்டை எடு. சும்மா நிக்காத."

சியெனி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் ஊரான சமோவாவில் குற்றம் செய்தவனுக்கு ஒரு வழி உண்டு. குடும்பத்தோடு போய், பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில், துணிபோல மெல்லியதாகப் பின்னிய நல்ல பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு தரையில் உட்காருவது. உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கொலைக்குக்கூட அப்படித் தீர்வு கண்டிருக்கிறார்கள். ஆனால் அது தெரு பார்க்கச் செய்வது. சியெனி அந்த வாசலில் பாய் போர்த்தி உட்கார்ந்தால், எதற்கு என்று தெரு கேட்கும். கேட்டால் டீக்கனுடைய மானம் சந்திக்கு வரும். மன்னிப்புக் கேட்கிற வழியே இன்னொரு குற்றமாகிவிடும். அதனால் அவள் வெட்கத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். எதிரே யாராவது இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால், தெரிந்துவிட்டதோ என்று தெருவைக் கடந்து போய்விடுவாள்.

எலிசாரா ஆகஸ்டில் தனியாக வந்தார். வெளியே மேகமாக இருந்தது. உட்கார்ந்ததும் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"சத்தமா படிக்காத சியெனி. நீயே பாத்துப் போட்டுடு."

"சரிங்கய்யா."

"பாத்திருப்பியே, ரெண்டாவது இடம்."

"ம்."

"சர்ச்சுக் கூடத்துக் கூரை வேலைக்குப் பணம் தர்றதாப் பேர் குடுத்துட்டேன். டீக்கன் பேர் கடைசியில படிச்சா நல்லாவா இருக்கும்? வேற எங்கயும் சனிக்கிழமை ஷிஃப்ட் கிடைக்கல." சிரிக்கப் பார்த்தார். "நான் குடிக்கல. பெட்டி தூக்கறேன், அவ்வளவுதான். ஆனா லாங்கிக்கு அந்த வாசனையே ஆகாது. சட்டைய இங்க பக்கத்துக் கடையில துவைச்சுக் காய வெச்சுட்டுதான் வீட்டுக்குப் போறேன். பீர் தூக்கின காசுல சர்ச்சுக்குக் கூரை. எனக்கே வெக்கமாதான் இருக்கு."

சியெனி தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். தப்புத்தப்பாக அடித்தாள், அழித்தாள்.

"டவுன்ல இன்னொருத்தன் கொறச்சலா வாங்கறான், அங்க போங்கன்னு பையன் சொன்னான். நான் வேணாம்னுட்டேன். சியெனிகிட்ட சொன்னா கடல்ல போட்ட கல்லுன்னு சொன்னேன்." அவர் பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்து?"

ஆள் கையெழுத்துப் போட்டபிறகுதான் தாக்கல் பொத்தானை அழுத்த வேண்டும். சியெனி காகிதத்தை நகர்த்தவில்லை. அதன்மேல் கையை வைத்திருந்தாள். லாங்கிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இந்த மனுஷன் கடல் என்று சொன்னது ஒரு பக்கம். எதைக் காப்பாற்றினாலும் இன்னொன்று பொய்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள். குளிருக்கு நாற்காலி முதுகில் போட்டிருந்த லாவாலாவாவை எடுத்தாள். நல்ல பாய் இல்லை. செம்பருத்திப் பூப் போட்ட, காபிக் கறை படிந்த துணி. அவர் கால் எதிரே தரையில் உட்கார்ந்து அதைத் தலைமேல் போர்த்திக்கொண்டாள்.

"என்ன தேடறே? கீழ ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார் எலிசாரா.

அவள் அசையவில்லை.

பக்கத்துக் கடையில் மெஷின் ஒன்று தடதடவென்று சுற்றி அடங்கியது. அவர் மூச்சு மாறுவது துணிக்குள் கேட்டது.

"யார்கிட்ட சொன்னே?"

"அக்காகிட்ட. நீங்க போன் பேசப் போனப்ப. வாய் தவறி வாசிச்சேன். இன்னொரு தடவ படின்னாங்க. படிச்சேன்."

பேனாவை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கே தெரியுமா அவளுக்கு?"

"நீங்களா சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருக்கேன்னாங்க."

"அதான்" என்றார் எலிசாரா. குரல் எங்கேயோ போயிருந்தது. "இந்த வருஷம் குடியப் பத்தி நான் பேசல, வேற யாராவது பேசுங்கன்னு சங்கத்துல சொல்லிட்டா. ஏன்னு கேட்டேன். தொண்டை சரியில்லைன்னா. நான் அவளுக்குத் தேன் வாங்கிக் குடுத்தேன் சியெனி."

சியெனி துணிக்குள்ளே அழுதாள். அவர் அந்தத் துணியைத் தொடவில்லை. தொடாதது நியாயம் என்றுதான் அவளுக்கும் பட்டது.

யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள்.

"கடை திறந்திருக்கா, இல்லையா?" மோசேயின் குரல். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். "டீக்கனய்யா! அது யாரு தரையில?"

சட்டென்று தலையிலிருந்து துணி போனது. எலிசாரா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழுந்திரு. பாக்கறான்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "காதுத் தோடு விழுந்துடுச்சு, தேடறோம்!" என்றார்.

"நான் வந்து தேடவா?"

"கிடைச்சிடுச்சு!"

பாயை எடுப்பது போலத்தான் அவர் எடுத்தார். ஆனால் மோசேயின் கண்ணுக்குப் பயந்து எடுத்தது அது. அது கணக்கில் சேராது என்று சியெனிக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டார். "அனுப்பு" என்றார். அவள் பொத்தானை அழுத்தினாள். ஏற்றுக்கொண்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அவர் சுருட்டிய துணியை மேசைமேல் வைத்துவிட்டு, மோசேக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போனார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வீட்டில் போய் என்ன பேசினார் என்று சியெனிக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் பெண்கள் சங்கத்தில் குடியைப் பற்றி லாங்கியே பேசினாள் என்று மட்டும் கேள்விப்பட்டாள். இந்தத் தடவை யாரையும் திட்டவில்லையாம். தம்பி சின்ன வயதில் பாடுகிற பாட்டைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். எலிசாரா சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டாராம். கூரை வேலைக்குக் கொடுத்தவர்களை வாசித்தபோது, அவர் பேர் கடைசியில் வந்தது. அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் சியெனிதான் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஜூலையில் கதவு திறந்து இரண்டு பேரும் உள்ளே வந்தபோது சியெனியின் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. எலிசாரா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். லாங்கி உட்காரவில்லை. இன்னொரு நாற்காலியைத் தூக்கினாள்.

"அக்கா, இங்க வைங்க, நான்..."

"நீ அவரோடதப் பாரு."

நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். துணி துவைக்கும் கடை வாசலில் போட்டு, சியெனி கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு எதையோ மறந்தவள் போலத் திரும்பிப் பார்த்து, "சத்தமா படிக்காத" என்றாள்.

சியெனி திரையைத் திருப்பி, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். எலிசாரா கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து "ஆமா" என்றார். அவர் கணக்கு முடிந்து வெளியே போனதும் லாங்கி உள்ளே வந்தாள். அவர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலி அதன்பிறகு உள்ளே வரவில்லை. துணி காயக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். வெயிலில் சாயம் போய்விட்டது. மோசேக்கு இப்போது வேறு புகார்.

"முன்னெல்லாம் சர்ச்சு மணி மாதிரி படிப்பே. இப்ப என்ன, வாயில சேப்பங்கிழங்க அடைச்சு வெச்சிருக்கியா?"

சியெனி விரலைத் திரையில் வைத்து, அவர் பார்க்கும் வரை எடுக்காமல் காத்திருப்பாள்.