பெல்ட் நின்ற அரை மணி

என் கொழுந்தன் மனைவியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் பம்பரம்தான். சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரி நடப்பாள். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவாள். நாம் ஒரு கதையை ஆரம்பித்தால் முடிவை அவளே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பெல்ட்டில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். அந்த பெல்ட் நிற்கவே நிற்காது. ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் இரண்டு இடத்தையும் சமாளிக்க வேண்டும். போனவளுக்கு அங்கே சோறு இறங்காது, நிற்பவளுக்கு இங்கே கை ஓடாது. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவருவோம். தண்ணீர் குடிப்பதே இல்லை. குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும், அதற்கும் இன்னொருத்தியைக் கெஞ்ச வேண்டும்.

பம்பரத்துக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. டாக்டர் சத்தம் போட்டார். "தண்ணி குடிக்காம, அடக்கிக்கிட்டே நின்னா கிட்னி போயிடும்மா." அவள் பயந்துபோனாள். தொழிற்சங்கத்து ஆளிடம் விசாரித்துவிட்டு நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"அண்ணே, சாப்பாட்டுக்கு அரை மணி விட்டே ஆகணும்னு சட்டம் இருக்காமே?"

"உன்னை யாரும்மா கட்டிப்போட்டா? தாராளமா போ. பெல்ட்தான் நிக்காது."

என்ன தாராளம்!

மறுநாள் மத்தியானம் பம்பரம் பெல்ட் ஓரத்திலிருந்த சிவப்பு பட்டனை அமுக்கினாள். யாருடைய கையாவது மாட்டிக்கொண்டால் மட்டும் அமுக்க வேண்டிய பட்டன் அது. இரைச்சல் சட்டென்று அடங்கியது. சூப்பர்வைசர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாருக்குக் கை போச்சு?"

"யாருக்கும் போகலண்ணே. சாப்பிடப் போறோம்."

பெல்ட் நகராததால் அடுப்பிலேயே நின்றுவிட்ட பிஸ்கட்டெல்லாம் கரிந்துபோயின. இவள் வேலைக்கு உலை வைத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். ஆனால் சங்கம் சட்டத்தைக் காட்டிப் பேசியதும் மேனேஜர் இறங்கிவந்தார். தினமும் அரை மணி பெல்ட்டை நிறுத்துவார்களாம். அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது, சாயங்காலம் அரை மணி தாமதமாகத்தான் விடுவார்கள்.

பெண்கள் பம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்னால எங்க பஸ் போச்சு. உன் கல்லுக்கு நாங்களா கிடைச்சோம்?" எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடி.

முதல் நாள் பெல்ட் நின்றது. பழக்க தோஷம், எல்லோரும் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். "இப்பவே ஓட்டுங்கண்ணே. சாயங்காலம் சீக்கிரம் விட்டுடுவீங்கல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சூப்பர்வைசர் பச்சை பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனார். பெல்ட் ஓடிவிட்டால் பம்பரம் மறுபடி அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"சம்பளம் இல்லாத நேரம்டி இது!" என்று பம்பரம் பெஞ்சிலிருந்தே கத்தினாள். "இப்ப கை வச்சா ஓசி வேலை. பார்க்கலாம்னுதானே சொல்றாரு, விடுறேன்னு சொன்னாரா? கேளுங்க!"

எல்லோரும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாட்சைப் பார்த்தார். பஸ்ஸைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பம்பரம் பாத்ரூம் போய்விட்டு வந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் நிதானமாகக் குடித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சு ஆட ஆரம்பித்தது. பார்த்தால், மேஜைக்கு அடியில் அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. என் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்? என்னால உட்கார முடியலக்கா."

"எந்திரிச்சே, கொன்னுடுவேன்" என்று அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.