சுவிட்ச் போட்டால் போதும்

பசைத் துப்பாக்கியின் மூக்கில் உருகி வழியும் பிளாஸ்டிக்கின் வாசனை, எங்கள் கராஜில் எப்போதும் தங்கியிருந்த பெட்ரோல் வாசனையோடு சேர்ந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஓர் இனிப்புக் காட்டமாக இருக்கும். டல்லஸுக்குப் பக்கத்திலுள்ள காப்பெலில் நான்காம் வகுப்பு படித்த எனக்கு, அந்த வசந்தகாலம் முழுவதும் அந்த வாசனைதான். இன்றும் எங்காவது அது மூக்கில் பட்டால் எனக்கு ஏக்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

எங்கள் பள்ளியில் அதற்கு "கிரியேட்டிவ் சேலஞ்ச்" என்று பெயர். கணக்கு, அறிவியல், எழுத்து, நாடகம் என்று தனித்தனியாகப் படிக்காமல், எல்லாவற்றையும் ஒரே வேலைக்குள் கலந்து, குழந்தைகள் தாங்களே செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று பேர் ஒரு குழு. அந்த வருடத்துச் சவால் இதுதான்: ஓர் ஊரில் கிணறு வற்றிவிட்டது, ஒரு மேசையில் இருக்கும் நான்கு கோப்பைத் தண்ணீரைப் பத்தடி தள்ளியிருக்கும் இன்னொரு மேசைக்குக் கையில் சுமக்காமல் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளந்து எழுத வேண்டும், அந்த ஊரின் கதையை நடித்தும் காட்ட வேண்டும். பெரியவர்கள் கை படக் கூடாது. படவில்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தர ஒரு தாளும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல படிப்பு இருக்க முடியாது. பெற்றோர்களே இல்லாத ஏதாவது ஒரு நாட்டில் அது அப்படியே நடந்துமிருக்கலாம்.

என் குழுவில் ரோஸ்லின் இருந்தாள். பாளையங்கோட்டைக்காரர்கள், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றவன் மத்தேயோ, எங்கள் பின்தெருவில் இருந்தவன், வகுப்பில் வாயே திறக்காதவன். ஐந்து வாரம் எங்கள் கராஜில் கூடினோம். ரோஸ்லின் தன் அம்மாவின் உடைந்த குடையைக் கொண்டுவந்து தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். நடுவில் ஓட்டை போட்டு, அங்கிருந்து நீச்சல்குளத்தில் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயைப் பாதியாகப் பிளந்து வாய்க்கால் ஆக்கினோம். பொருந்தாத இடங்களிலெல்லாம் ஒழுகியது. மத்தேயோ மூன்று நாள் பபிள்கம் மென்று மென்று துப்பி ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தான். முதலில் ஒரு கோப்பைதான் வந்தது. அப்புறம் ஒன்றரை. கடைசியில் இரண்டரைக் கோப்பை வந்தபோது, நாங்கள் மூவரும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து அளவுக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிந்துவதை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, மத்தேயோ, அது வழியில் வரும் நாய்களுக்கு என்று கதையில் எழுதிவிடலாம் என்றான். எழுதினோம். என் படிப்பு முழுவதிலும் நான் எதையாவது உண்மையாகக் கற்றுக்கொண்டது அந்த ஐந்து வாரத்தில்தான்.

என் அப்பா என்ஜினீயர். "எதைச் செஞ்சாலும் ஒழுங்கா செய்யணும், இல்லேன்னா செய்யவே கூடாது" என்பது அவர் எங்கள் வீட்டில் தினமும் சொல்லும் வாசகம். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, காபியோடு கராஜுக்கு வந்தவர் எங்கள் வாய்க்காலைச் சுற்றி வந்து பார்த்தார். "இதையா கொண்டுபோகப் போறீங்க?" என்றார். பிறகு காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் வெள்ளை பிவிசி குழாய்கள், வளைவுகள், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப், எல்லாம் மட்டம் பார்த்துப் பொருத்தப்பட்டுவிட்டன. குடையும் நுரைக்குழாயும் குப்பைத் தொட்டிக்குள் போயின. நான் பக்கத்தில்தான் நின்றேன். அழவில்லை, தடுக்கவில்லை. நான்கு கோப்பையும் சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் அந்தக் கையெழுத்துத் தாளைப் போன்றதாகிவிடும்.

மறுநாள் மதியம் மற்ற இரண்டு பேரும் வந்தார்கள்.

"அங்கிள், எங்க குடை எங்கே?" என்றாள் ரோஸ்லின்.

"இது அதைவிட பெட்டரா ஒர்க் ஆகும்மா. பாரு."

மத்தேயோ குழாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தான் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அப்பா அன்பாகத்தான் பதில் சொன்னார். "யூ ஜஸ்ட் பிரஸ் த ஸ்விட்ச்."

அம்மா தயங்கித் தயங்கி அந்தத் தாளைப் பற்றிக் கேட்டாள். "எல்லார் வீட்லயும் அப்பாதான் பண்றாங்க. நாம மட்டும் ஏமாளியா இருக்கணுமா?" என்று அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எதிர் வீட்டு அங்கிள் தன் மகனின் காற்றாலைக்காக ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தார்.

போட்டி பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மத்தேயோ சுவிட்சைப் போட்டான், நான்கு கோப்பையும் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நடுவராக வந்திருந்த வெள்ளைத்தலை அம்மாள் குனிந்து, பம்பை ஏன் இந்த இடத்தில் வைத்தீர்கள் என்று மத்தேயோவிடம் கேட்டார். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரியாது, நான் சுவிட்ச் போடுகிறவன் என்றான். நான் அவசரமாக, மூன்று பேரும் சேர்ந்து யோசித்தோம் என்றேன்.

"இல்லை. இவள் அப்பா செய்தது. நாங்கள் செய்தது குப்பையில் இருக்கிறது" என்றாள் ரோஸ்லின் தெளிவான ஆங்கிலத்தில்.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். பெற்றோர்கள் உள்ளே வராமல் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா சிரித்தபடி, குழந்தை ஏதோ குழம்பிவிட்டாள் என்றார். நடுவர் என்னிடம் திரும்பினார். "இவள் சொல்வது உண்மையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை, நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நிச்சயமாக நம்பியிருந்தாள்.

"அவள் குழம்பியிருக்கிறாள்" என்றேன்.

எங்களுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்து நின்றிருந்த ரோஸ்லினின் அம்மா, மகள் கையைப் பிடித்து, "வா போவோம்" என்று மட்டும் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். அவள் போகும்போது திரும்பிப் பார்த்தாள். காரில் வரும்போது அப்பா, "அந்தப் பொண்ணுகூட இனிமே சேராதே, பொறாமை புடிச்சது" என்றார். போட்டியின் அடுத்த சுற்றுக்கு ரோஸ்லினும் வரவில்லை, மத்தேயோவும் வரவில்லை. அப்பா வேறு இரண்டு குழந்தைகளைப் பிடித்தார். அந்தக் கோடையில் ரோஸ்லின் வீட்டார் ஹூஸ்டனுக்குக் குடிபோனார்கள். அதுவரையிலும் பள்ளிப் பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது என் மகள் அதே ஊரில் மூன்றாம் வகுப்பு. சவால்கள் அப்படியே இருக்கின்றன. கையெழுத்துத் தாள் போய், போனில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும் என்றாகிவிட்டது. போன மாதம் அவள் பள்ளியில் நடந்த சவால் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒழுகுகிற, சாய்ந்து நிற்கிற ஒரு பொருளைக்கூட அங்கே காண முடியவில்லை. குழந்தைகள் சண்டை போடும் சத்தமும் இல்லை. பெற்றோர்கள்தான் கயிற்றுக்கு அப்பாலிருந்து உதட்டை அசைத்து வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிடயர் ஆன அப்பா என் மகளுக்கு உதவட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். "நீ ஜெயிச்சியே" என்றார். "நான் பொய் சொன்னேன்பா" என்றேன். "எல்லாரும்தானே பண்ணாங்க" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டு வாரத்துக்கு முன் இந்திய மளிகைக் கடையில் ரோஸ்லினின் அம்மாவைப் பார்த்தேன். யாரோ உறவினர் வீட்டுக்கு வந்தாராம். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ரோஸ்லினுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்றார். நான் வெண்டைக்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்று, "ஆன்ட்டி, அன்னிக்கு அவ சொன்னதுதான் உண்மை" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றார் அவர். பையில் காயைப் போட்டு முடிச்சுப் போட்டார். "நீ வந்து சொல்லுவேன்னு அவ ரொம்ப நாள் பாத்துக்கிட்டே இருந்தா. ஹூஸ்டன் போன பெறவும் கேப்பா, போன் வந்துச்சான்னு. பெறவு கேக்கல."

அவள் நம்பரைத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"வேண்டாம்மா" என்றார்.