ரோஸ் ஆகாத தண்ணீர்

கழுவிய பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கையில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரிய வேண்டும். காந்திமதி பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் கழுவுகிறாள். திண்டிவனத்தைத் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கிற அந்த மருந்தியல் கல்லூரியில், அவள் கைபடாத கண்ணாடிச் சாமான் கிடையாது. இப்போது அந்தக் கையைத்தான் குறை சொன்னார்கள்.

"மூணு தடவையும் வெறும் மருந்தே ரோஸ் ஆவுது. பாட்டில் சுத்தமில்ல," என்றார் பேராசிரியர் துரைக்கண்ணு. "நாலாவது தடவையும் ஆச்சின்னா, திங்கக்கிழமையிலருந்து நீ ஹாஸ்டல் கிச்சனுக்குப் போயிடும்மா."

ஆய்வு மாணவி கலைப்பிரியா தரையைப் பார்த்தாள். அவளுடைய ஆய்வு எலியின் கல்லீரலில். அங்கே காவல் செல்கள் உண்டு. கிருமியின் நஞ்சு வந்தால் முதலில் உசாராவது அவைதான். அவை சேதி அனுப்பினால்தான் பக்கத்துக் கல்லீரல் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயுவை மளமளவென்று உண்டாக்கும். இதை அவள் காட்ட வேண்டும். வாயு நிற்காது. அது நைட்ரைட்டாக மாறிக் கிடக்கும். அதில் மருந்தை விட்டால் ரோஸ் நிறம் வரும். எதையும் தொடாத மருந்தே ரோஸ் ஆனால் எதை நம்புவது?

அவர் போனதும் காந்திமதி கேட்டாள்: "பாப்பா, மருந்த எந்தத் தண்ணியில கரைக்கிற?"

"ஃபில்டர் தண்ணிதாங்க்கா. காய்ச்சி வடிக்கிற மெஷினு ரிப்பேராயி பத்து நாளாச்சே. நல்ல தண்ணிதான், எல்லாரும் குடிச்சிக்கினுதான இருக்கோம்?"

காந்திமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போர்வெல்லு எங்க கீது? கரும்புக் கொல்லைக்கு நடுவுல. மூட்ட மூட்டையா யூரியா போட்டுக்கினு கீறோமே, அதெல்லாம் எங்கம்மா போவும்?"

யூரியா மண்ணில் நைட்ரைட்டாக மாறித் தண்ணீரில் இறங்கும், ஃபில்டரில் அது நிற்காது என்பது உறைத்ததும் கலைப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். இருவரும் காரணத்தை மறந்து சிரித்தார்கள்.

விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ரோஜாவிடம் காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்தது. அன்று மதியமே காந்திமதி பஸ் ஏறினாள். திரும்பும்போது மடியில் ஐந்து லிட்டர் கேன். குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா அது, சாராயமா?" என்றார் கண்டக்டர்.

"தண்ணிப்பா."

"தண்ணிக்கா இம்மாம் மரியாத? எதுக்கு?"

"கல்லீரலுக்கு."

"அப்ப நான் சொன்னது சரிதான்!"

பஸ்ஸே சிரித்தது. யாரோ ஒருவர் ஒரு மூடி கேட்டார். காந்திமதி கேனை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை துரைக்கண்ணு சார் ஃபில்டர் தண்ணீர் டம்ளரும் கையுமாக வந்து நின்றார். காந்திமதி கழுவிய இரண்டு பாட்டில்கள். ஒன்றில் ஃபில்டர் தண்ணீர், ஒன்றில் விழுப்புரத்துத் தண்ணீர். இரண்டிலும் மருந்தைக் கரைத்தாள் கலைப்பிரியா. முதல் பாட்டில் மெல்ல ரோஸ் ஆனது. இரண்டாவதை எல்லோரும் பார்த்தார்கள். பத்து நிமிடம் பார்த்தார்கள். அது தண்ணீராகவே இருந்தது.

துரைக்கண்ணு சார் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

செல்கள் வளர்ந்த நீர் குளிர்ப்பெட்டியில் இருந்தது. நஞ்சு சேர்த்த நீர்தான் எல்லாம். அதைக் குழித்தட்டில் விட்டு, விழுப்புரத்துத் தண்ணீரில் கரைத்த மருந்தைச் சேர்த்தார்கள். கல்லீரல் செல்கள் தனியாக இருந்த வரிசையில் நிறமே இல்லை. காவல் செல்கள் தனியாக இருந்த வரிசையில் சும்மா ஒரு சாயல். இரண்டும் சேர்ந்து இருந்த வரிசை கல்யாண வீட்டு ரோஸ் மில்க் போலச் சிவந்தது.

"அக்கா!" கலைப்பிரியா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"உடு, உடு, தட்டு கவுந்துடும்!" என்று காந்திமதியும் குதித்தாள். பிறகு மூச்சு வாங்கக் கேட்டாள்: "சார், திங்கக்கிழம நான் எங்க வரணுங்க?"

"இங்கதாம்மா. வேற எங்க?" அவர் கழுவுதொட்டிப் பக்கம் போய், கிடந்த பாட்டில் ஒன்றை எடுத்துக் குழாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்.

"அத வெச்சிடுங்க சார்," என்றாள் காந்திமதி. சிரிப்பில் பாதிதான் வார்த்தையாக வந்தது. "நீங்க கழுவுனா மறுபடியும் சந்தேகம் வரும்."