செத்தவீட்டிலிருந்து ஜப்பானுக்கு மிக்சர்

வெள்ளிக்கிழமை, காலை 6.40. ஹிரோஷிமா போகும் முதல் பஸ் இந்த நேரத்துக்குத்தான் எங்கள் ஊருக்கு வரும். அதை விட்டால் பத்து மணி வரை வேறு பஸ் இல்லை. ஊர் ஷிமானே மாகாணத்து மலைகளுக்குள் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். அங்கே இருப்பது ஒரே ஒரு இடைநிலைப் பள்ளி. ஊரைச் சொன்னால் பள்ளியையும் சொன்னதாகிவிடும்.

முதல்நாள் மாலை லண்டன் மோர்டனிலிருந்து அக்கா போன் எடுத்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். நான் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

சாரதி என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "லண்டனா?" என்று கேட்டார். நான் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் வாங்கும் மீனைப் பொரிப்பதற்கு முன்பே அது என்ன மீன் என்று பள்ளிக்குத் தெரிந்துவிடும் ஊர் அது. அப்பா செத்ததும் அப்படித்தான் பரவியிருக்கிறது.

"ஆமாம்," என்றேன்.

"தூரம். போய் வாருங்கள்," என்றார். அந்த ஊரில் அன்று எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஹிரோஷிமாவுக்கு இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து டோக்கியோவுக்கு அதிவேக ரயிலில் நாலு மணித்தியாலம், ஏறக்குறைய பத்தொன்பதாயிரம் யென். யன்னலுக்கு வெளியே பார்க்கும்படியாக ஒன்றுமில்லை, பாதி வழி சுரங்கம். அந்த நேரத்தில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகலாமா என்று லண்டனில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வீடியோக்களில் பூவையும் பனியையும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

வேலையின் பெயர் உதவி ஆங்கில ஆசிரியர். அதில் உதவி மட்டும் உண்மை. காலையில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்குள் போடும் சப்பாத்தை மாட்ட வேண்டும். ஆசிரியர் அறையில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வோம். வகுப்பில் மொரிதா என்ற ஆங்கில ஆசிரியை ஆங்கில இலக்கணத்தை ஜப்பானிய மொழியில் நடத்துவார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். "காந்தன் சென்செய், ப்ளீஸ்," என்பார். சென்செய் என்றால் ஆசிரியர். புத்தகத்தில் உள்ள வசனத்தை நான் வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு மறுபடியும் நிற்பேன். ஒலிபெருக்கிப் பெட்டி செய்யும் வேலைதான். பெட்டிக்கு மத்தியானச் சாப்பாடு போடத் தேவையில்லை என்பதுதான் வித்தியாசம்.

சாப்பாடு பிள்ளைகளோடு வகுப்பிலேயே. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. அது முடிய முழங்காலில் நின்று தரை துடைக்க வேண்டும். அங்கே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பள்ளி அதிபரும் துடைப்பார். மாலையில் வகுப்பு இல்லாவிட்டாலும் மேசையில் இருக்க வேண்டும், மற்றவர்கள் இருக்கிறார்களே என்பதற்காக. வீட்டில் குப்பையை வகைவகையாகப் பிரித்து, பையில் பெயர் எழுத வேண்டும். தயிர் மூடியை மாறிப் போட்டதற்கு என் பை என் பெயரோடு என் வாசலுக்கே திரும்பி வந்தது.

போன புதிதில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "உண்மையான இங்கிலாந்துக்காரர் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். உப அதிபர் சிரித்துச் சமாளித்தார். மொரிதா அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அந்த அளவு ஜப்பானிய மொழி எனக்கு அப்போதே விளங்கும் என்பது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து நான் லண்டனில் வளர்ந்தவன். உண்மையான இங்கிலாந்துக்காரன் எப்படி இருப்பான் என்று அந்தத் தாய்க்கு எந்தத் தொலைக்காட்சி சொன்னதோ தெரியாது.

சனிக்கிழமை, காலை 6.15, ஹீத்ரோ. விமானத்தில் பதினாலு மணித்தியாலம். பிக்கடிலி லைனில் ஏர்ல்ஸ் கோர்ட், அங்கே மாறி டிஸ்ட்ரிக்ட் லைனில் விம்பிள்டன், அங்கிருந்து 93ஆம் இலக்க பஸ். பஸ்ஸில் என் இருக்கையில் கோழி எலும்போடு ஒரு பெட்டி கிடந்தது. அதில் யாரும் பெயர் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தவர் அத்தான், அக்காவின் கணவர்.

"வந்திட்டியே. அம்மா உள்ளுக்க இருக்கிறா."

"எப்ப எடுக்கிறியள், அத்தான்?"

"திங்கள் பத்து மணி. இந்தத் திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கள்."

"என்ன, ஒம்பது நாளோ?"

"எரிக்கிற மண்டபத்தில எங்கட ஆக்களுக்கு ரெண்டு சிலொட் வேணுமடா. ஒரு சிலொட் அரை மணித்தியாலம். ஐயர் தொண்டையைச் செருமி முடியவே அது போயிடும். ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற நாள் அதுதானாம்."

எனக்குத் தந்திருந்தது ஒரு கிழமை லீவு, அடுத்த ஞாயிறு வரைக்கும். அவர் சொன்ன திங்கட்கிழமைதான் பள்ளியில் திறந்த வகுப்பு. கல்விச் சபையிலிருந்தும் வேறு பள்ளிகளிலிருந்தும் ஆட்கள் வந்து பின்சுவரோரம் நின்று ஒரு பாடத்தைப் பார்ப்பார்கள். யார் எந்தக் கேள்விக்குக் கை உயர்த்துவது என்பது வரை பிள்ளைகளுக்குப் பல நாளாக ஒத்திகை நடந்தது. அந்தப் பாடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரன் நிற்பதாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அதாவது ஜப்பானில் மாலை ஐந்துக்கு, உப அதிபருக்கு போன் எடுத்தேன். தகனம் அடுத்த திங்கள், லீவை நீட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பற்களுக்கிடையில் மூச்சை உள்ளே இழுத்தார். "ஸ்ஸ்…" ஜப்பானில் வேலை செய்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். "கொஞ்சம் கடினம்," என்றார். முடியாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. என்னை அந்தப் பள்ளிக்கு வேலைக்கு அனுப்பிய கொம்பனி நல்ல ஆங்கிலத்தில் விளக்கியது: திங்கட்கிழமை நான் அங்கே நிற்காவிட்டால் அடுத்த வருட ஒப்பந்தத்துக்கு உறுதி இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "போகத்தான் வேணும் போல கிடக்கு. விசாப் பிரச்சினை, அம்மா," என்றேன்.

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கொப்பரும் தன்ர தேப்பன்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை. அகதிக் கேஸ் முடியாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரேலாது. டூட்டிங்கில ஒரு அறையில, படத்துக்கு முன்னால இருந்து அழுதவர். அது விசாப் பிரச்சினை. உன்ர கையில பிரிட்டிஷ் பாஸ்போட் கிடக்கு. உனக்கென்னடா விசாப் பிரச்சினை?"



அக்காதான் குறுக்கே வந்தாள். "விடுங்கோ அம்மா. நான் செய்யிறன். கொள்ளிக்குப் பதிலா ஒரு பட்டனை அமத்துறதுக்கு ஆம்பிளைக் கைதான் வேணுமோ?" பக்கத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை அப்பாவைப் பார்க்க விட்டார்கள். பெட்டிக்குள் நல்ல கோட் போட்டுக் கிடந்தார். தலையை யாரோ மறுபக்கமாக வாரியிருந்தார்கள். விரலால் சரி செய்துவிட்டேன். அப்பாவுக்கு நான் செய்த கடைசி வேலை அது.

வீட்டுக்குத் திரும்பியதும் மொரிதாவின் செய்தி வந்தது. ஆழ்ந்த அனுதாபம் என்று தொடங்கியிருந்தார். பிறகு: "திரும்பி வரும்போது ஆசிரியர் அறைக்குச் சிறிய இனிப்பு கொண்டு வாருங்கள். முப்பது பேர். தனித்தனியாகச் சுற்றியிருந்தால் நல்லது."

ஜப்பானில் லீவு எடுத்தவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அவன் இல்லாத நேரம் மற்றவர்களுக்குச் சிரமம் கொடுத்தானாம், அதற்கு மன்னிப்பாக எல்லா மேசையிலும் ஏதாவது வைக்க வேண்டும். கடற்கரைக்குப் போய் வந்தாலும் அதுதான், அப்பாவை இழந்து வந்தாலும் அதுதான். நான் அந்தச் செய்தியைக் கத்தி வாசித்தேன்.

"செத்தவீட்டில இருந்து இனிப்போ?" என்றாள் அக்கா. "அவையளுக்கென்ன விசரே?"

"அந்தியேட்டி முடியுமட்டும் இந்த வீட்டில இருந்து சீனி போட்ட சாமான் ஒண்டும் வெளிய போகாது," என்றாள் அம்மா. அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் சடங்கு. அதுவரை எங்களுக்குத் துடக்கு, அதாவது தீட்டு.

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "உறைப்புக் கொண்டு போகலாம்தானே?"

"இந்த மனிசனுக்குச் செத்தவீட்டிலயும் வயித்து யோசினைதான்," என்றாள் அக்கா.

ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் என்னை டூட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடை. சின்ன மிக்சர் பை, ஒன்று எண்பது பென்ஸ்.

"முப்பது பையோ?" என்றார் கடைக்காரர். "என்ன விசேசம், அண்ணை?"

"செத்தவீடு," என்றார் அத்தான்.

"செத்தவீட்டுக்கு மிக்சரோ?"

"ஜப்பானுக்கு."

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பையில் போட்டுத் தந்தார். அத்தான் அதை வாங்கி காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "இது இதுக்குள்ளேயே கிடக்கட்டும். வீட்டுக்குள்ள போகாத சாமானுக்குத் துடக்கு இல்லை. உன்ர அக்கா கேட்டால் நான் கதைக்கிறன்." அப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிழமை எனக்காக ஒரு வழி கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்.

சனிக்கிழமை, காலை 5.30. வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். செத்தவீட்டிலிருந்து போகும்போது "போயிட்டு வாறன்" சொல்வதில்லை. நான் சொல்லவில்லை. அம்மா கதிரையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கப்படி நடந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அந்த வழக்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது. ஹீத்ரோ கார் தரிப்பிடத்தில் என் பெட்டியைத் திறந்து, முப்பது பைகளையும் உடுப்புகளுக்கு இடையில் நொறுங்காமல் அடுக்கினோம்.

"தம்பி, திங்கள் லிங்க் அனுப்புவன்," என்றார் அத்தான். "மண்டபத்தில கமரா பூட்டியிருக்காம். பாக்கலாம்."

ஞாயிறு இருட்டும் நேரம் அதே பஸ்ஸில் ஊருக்குள் போய் இறங்கினேன்.

திங்கட்கிழமை, காலை 8 மணி. ஒவ்வொரு மேசையாகப் போய் மிக்சர் பையை வைத்தேன். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் எடுத்துக் குனிந்தார்கள். "இனிப்பு இல்லை. எங்கள் வழக்கத்தில் இப்போது இனிப்புக் கூடாது," என்றேன். மொரிதா, "அப்படியா," என்று தலையாட்டினார். எது வழக்கம், ஏன் கூடாது என்று அவரும் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

மத்தியானம் 1.40. திறந்த வகுப்பு. பின்சுவரோரம் கறுப்புக் கோட்டுகள் வரிசையாக நின்றன. மொரிதா, "காந்தன் சென்செய், ப்ளீஸ்," என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று ஒரு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். குடும்பத்தோடு டென்னிஸ் விளையாடுவேன் என்றாள் அவள், பாடமாக்கியபடி. அவளுடைய குடும்பம் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறது, டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை. "மிக நன்று," என்றேன். கறுப்புக் கோட்டுகள் எழுதிக்கொண்டன. இதைத் தவிர அந்தப் பாடத்தில் என் வாயிலிருந்து வந்தது, புத்தகத்தில் ஒரு பத்தி. இதற்காகத்தான் நான் பதினாலு மணித்தியாலம் பறந்து வந்தேன். உப அதிபர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒப்பந்தம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்.

மாலை 7 மணி. லண்டனில் காலை பத்து. வந்தவர்கள் போய்விட்டார்கள், ஆசிரியர்கள் யாரும் போகவில்லை. தேநீர் வந்தது. அன்றைய பாடம் நன்றாக நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனைப் பாடப்புத்தகத்தில் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டேன். மண்டபம் மேலிருந்து தெரிந்தது. ஐயரின் தலை, பூ, பெட்டி. அப்பாவின் முகம் அந்தக் கோணத்தில் தெரியவில்லை. மேசைக்கு மேசை மிக்சர் பைகள் பிரிபட்டன. ஒரு காதில் தேவாரம், மறுகாதில் முப்பது வாய் நொறுக்கும் சத்தம்.

அக்கா எழுந்து சுவரோரம் போனாள். வெள்ளைச் சேலை. பட்டனில் கையை வைத்தாள். பெட்டிக்கு முன்னால் திரைச்சீலை மெல்ல மூடத் தொடங்கியது.

அப்போது எதிர் மேசைக் கணித ஆசிரியர் ஓனோ இருமத் தொடங்கினார். முகம் சிவந்து கண்ணிரண்டிலும் நீர் வழிந்தது. "உறைப்பு! உறைப்பு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மொரிதா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது போனில் திரைச்சீலை முழுவதும் மூடியிருந்தது.

அப்பாவை எரித்த நேரத்தில் அந்த அறையில் கண்ணீர் வந்தது ஓனோவுக்கு மட்டும்தான். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, தொண்டையைச் சரிசெய்து, எழுந்து நின்று என் பக்கம் குனிந்தார்.

"மிகவும் ருசி," என்றார்.

நானும் எழுந்து குனிந்தேன்.