கூடாரம் வரை போகாத நடை

காட்டுக்குப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

செக் எல்லைக்குக் கிட்ட, ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சின்ன ஊர். அங்கே மூடிப்போன விடுதி ஒன்றின் மாடியில் எங்களுக்கு ஒரு அறை தந்திருந்தார்கள். நானும் கணவரும் மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடம். வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. அவர் நாள் முழுக்க சன்னலோரம் இருந்து, வாசலில் எந்த வாகனம் வந்து நிற்கிறது என்று பார்த்தபடி இருப்பார். எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டியது.

மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கும் ஒரு டொச்சுக்காரி, ஜெர்மன் பெண், எங்களோடு பழகினா. தபால்கந்தோரில் வேலை, ஐம்பது வயது, தனிக்கட்டை. ஒவ்வொரு கோடையிலும் தேசியப் பூங்காக் காட்டுக்குள் நடந்துபோய், அங்கே அனுமதித்திருந்த இடத்தில் கூடாரம் போட்டுத் தங்குவா. "இரண்டு பேரும் வாருங்கள், நாலு மணித்தியால நடைதான்" என்றா. காடு அடுத்த மாவட்டத்தில் இருந்தது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டுவதற்குக் கடிதம் வேண்டும். நான் வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின் எடுத்து, அவர்கள் குறித்த நாளில் போய், இரண்டு நாளுக்கு அனுமதி வாங்கிவந்தேன்.

பஸ்ஸிலேயே அவர் மூன்று தரம் கேட்டுவிட்டார்.

"கடிதம் வைச்சிருக்கிறீரோ?"

"ஓம், பையுக்கை கிடக்கு. பயப்பிடாதேங்கோ."

முதல் இரண்டு மணித்தியாலம் நன்றாகத்தான் போனது. அவர் கூடாரச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு ஓடையில் குனிந்து முகம் கழுவிவிட்டு, "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்துக் கனகாலம்.

பிறகு புயலில் மரங்கள் விழுந்த பகுதி வந்தது. பென்னாம்பெரிய மரங்கள் வேரோடு சரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. விழுந்ததை அப்படியே விடுவதுதான் இந்தப் பூங்காவின் வழக்கம் என்று ஓர்கன்காரி விளக்கிக்கொண்டிருந்தா. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"ஹால்ட்!"

திரும்பினேன். பச்சை உடுப்புப் போட்ட பூங்காக் காவலர் ஒருவர், நில்லுங்கள் என்று கையை உயர்த்தியபடி வந்தார். நான் பையைத் திறந்து கடிதத்தைத் தேடினேன். தலையை நிமிர்த்தியபோது கணவரைக் காணவில்லை. கூடாரச் சுருள் பாதையில் கிடந்தது. மரங்களுக்கிடையில் சுள்ளி முறியும் சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது.

அந்த மனிதர் சொல்ல வந்தது ஒன்றுமில்லை. மழை பெய்யாமல் காடு காய்ந்திருக்கிறது, நெருப்பு மூட்டவேண்டாம். அவ்வளவுதான். நடந்ததை அறிந்ததும் காவலரின் முகம் வெளிறிவிட்டது. மூன்று பேரும் தேடினோம். மற்ற இருவரும் கூப்பிட்டால் என் கணவர் இன்னும் தூர ஓடிவிடுவாரோ என்ற பயத்தில், நான் மட்டும் கூப்பிடுகிறேன் என்றேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். "நான்தான், நான்தான்" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். சரிந்த மரமொன்றின் வேர் பெயர்ந்த குழிக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். கையெல்லாம் கீறல். "எழும்புங்கோ" என்றேன்.

"ஏலாது."

நானும் குழிக்குள் இறங்கிப் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஊரிலை ஆமிக்காரங்கள் எங்களை மூண்டு பேரையும் லொறியிலை கொண்டுபோய்க் காட்டுக்கரையிலை இறக்கினவங்கள். ஓடுங்கோடா எண்டாங்கள். நான் முன்னுக்கு ஓடினன். பின்னாலை வெடிச் சத்தம். நான் திரும்பிப் பாக்கேல்லை."

மற்ற இருவரின் பெயரையும் சொன்னார். இருவரும் எங்கள் கலியாணத்துக்கு வந்தவர்கள். அவர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்றுதான் எனக்கு அதுவரை தெரியும்.

நாங்கள் கூடார இடத்துக்குப் போகவில்லை. காவலர் தன் ஜீப்பில் ஊர்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் ஓர்கன்காரி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் கணவர் மேல் போர்த்திவிட்டா.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அவரை வற்புறுத்தினேன். "இதைப் போய் மேல்முறையீட்டு விசாரணையிலை சொல்லுங்கோ. சொன்னால்தானே எங்களை இங்கை இருக்க விடுவாங்கள்." அவர் மாட்டேன் என்றார். நான் அழுதேன், சண்டை பிடித்தேன். கடைசியில் போனார். நான் வெளியே மர வாங்கில் இருந்து காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"என்ன கேட்டவை?"

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டவை."

மேல்முறையீடும் தோற்றது. ஆனாலும் ஊரில் சண்டை ஓயாததால் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கியிருக்கலாம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளில் முத்திரை குத்தி விட்டார்கள். அவர் சில கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

"விசாரணையிலை அவங்கள் ரெண்டு பேற்றை பேரையும் சொன்னனான். எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினவை. ஒரு இடத்திலையாவது எழுதிக் கிடக்கு."

நான் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.