ஞாயிற்றுக்கிழமையை ஒரே தடவை கேட்டவள்

பியூட்டி பார்லர் தொழிலில் எப்பேர்ப்பட்ட சுருட்டை முடியையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம், வேலை செய்கிறவர்களைத்தான் முடியாது. நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது. அடையாறில் ஒரு பார்லருக்கு நான் மேனேஜர். என் கீழ் இரண்டு பேர். முடி வெட்டுவது மிசோரத்திலிருந்து வந்த ஜுவாலி. புருவம், ஃபேஷியல் எல்லாம் கடற்கரையோர நொச்சிக்குப்பம் தேவி. ஜுவாலியின் கைக்காகவே பாதிக் கூட்டம் வரும். அவள் போனால் கடை படுத்துவிடும், என் வேலையும் போய்விடும். அவளை நானே கிட்டத்தட்ட விரட்டிய கதைதான் இது.

பேச்சுக் கொடு

ஜுவாலி சென்னைக்கு வந்து மூன்று வருஷம். தமிழ் நன்றாகவே வரும், ஆனாலும் வாயைத் திறக்காமல் வேலை செய்வாள். வருகிறவர்கள் திமிர் என்று நினைப்பார்களே என்று எனக்குக் கவலை. எத்தனை குழந்தைகள், இன்றைக்கு என்ன சமையல், சொந்த ஊர் எது என்று ஏதாவது கேள் என்று உத்தரவு போட்டேன். சொன்னதை அப்படியே செய்கிற பெண் அவள். கத்தரியைக் கீழே வைத்தாள், மூன்றையும் வரிசையாகக் கேட்டாள், பதில் வந்ததும் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

அன்று நாற்காலியில் இருந்தவர் மாதம் தவறாமல் வரும் மயிலாப்பூர் மாமி. பில் போடும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணைச் சும்மா விடுங்கோ. அவ பேசமாட்டாள்னுதான் நான் இங்க வரேன். பேசறதுக்கு எங்காத்துல எல்லாரும் இருக்கா."

சாப்பாட்டு விசாரணை

ஒரு மத்தியானம் துண்டுகள் அடுக்கி வைக்கும் அறையில் ஜுவாலி அழுதுகொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கெஞ்சிக் கேட்டபிறகு, தேவி அக்கா திட்டிவிட்டார் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேவியைக் கூப்பிட்டு விசாரிக்காமலே வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மணியாகியும் ஜுவாலி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று தேவி கடையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டிருக்கிறாள். தேவியின் குரல் கடற்காற்றை மீறிப் பேசிப் பழகியது. ஜுவாலியின் வீட்டிலோ பெரிய தப்பு நடந்தால்தான் குரல் அந்த உயரத்துக்குப் போகுமாம். இரண்டு பேருக்கும் புரியவைத்து முடிப்பதற்குள் எனக்கே பசி எடுத்துவிட்டது. திட்டியதற்குத் தேவியிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "இன்னாக்கா இது, துன்னியான்னு கேட்டதுக்கே அழுவுது. நெஜமாவே திட்டுனா இன்னா ஆவறது?"

மூன்றாம் தடவை

எங்கள் பார்லரில் லீவு கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தேவிக்கு வெள்ளிக்கிழமை லீவு வேண்டுமென்றால் திங்கட்கிழமையே தொடங்கிவிடுவாள். முதலில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து என்று காற்றோடு ஒரு வார்த்தை. நான் கேட்காததுபோல இருப்பேன். புதன்கிழமை, போகாவிட்டால் யார் யார் பேசாமல் போவார்கள் என்ற பட்டியல் வரும். வியாழக்கிழமை கண்ணைத் துடைத்துக்கொள்வாள். முணுமுணுத்துக்கொண்டே நான் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் திருப்தி. நானும் என் பழைய முதலாளிகளிடம் இப்படித்தான் லீவு வாங்கியிருக்கிறேன்.

ஜுவாலி சேர்ந்த முதல் வாரத்தில், ஞாயிறு மட்டும் ஒரு மணிக்குமேல் வரலாமா என்று கேட்டாள். கோடம்பாக்கத்தில் ஒரு சர்ச்சில் அவர்கள் மொழியில் ஆராதனை நடக்கிறதாம். ஞாயிறு காலைதான் எங்களுக்கு நிற்க இடமில்லாத கூட்டம். செவ்வாய்க்கிழமை யாரும் முடியில் கத்தரி வைக்கமாட்டார்கள் என்பதால் அன்று கடையே கிடையாது. அதுதான் செவ்வாய் லீவு இருக்கிறதே, ஞாயிறை அப்புறம் பார்ப்போம் என்றேன். பார்க்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று கடிதம் நீட்டினாள். பெங்களூரில் ஞாயிறு லீவு தருகிற பார்லர் கிடைத்துவிட்டதாம். எனக்குப் பயத்தில் குரல் ஏறியது. அவ்வளவு முக்கியமென்றால் ஏன் மறுபடி கேட்கவில்லை என்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஒரு தடவை சொன்னேன், உங்க காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறமும் கேட்டா பிச்சை எடுக்கற மாதிரி இருக்கும் மேடம்."

ஒரு மணிக்கு மேல்

வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கி வைத்திருந்தது நான்தான். முதலாளியம்மாவிடம் போய், இனி ஞாயிறு ஜுவாலி ஒரு மணிக்குமேல்தான் வருவாள் என்றேன். யாராவது திரும்பிப் போனால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். காலைக் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்கத் தேவி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து ஒரு மணிக்குமேல் வந்தால் போதும் என்று ஜுவாலியிடம் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறு பதினோரு மணிக்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த மயிலாப்பூர் மாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானும் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார். சரியாக ஒரு மணிக்கு ஜுவாலி வந்தாள். கடிதத்தை மேஜைமேல் எடுத்து வைத்தேன். இனி எல்லா ஞாயிறும் இப்படித்தான், நீ இருந்தால் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னேன். அதையே இன்னொரு தடவை கெஞ்சிச் சொல்ல வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு ஏப்ரனைக் கட்டப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தேவி நேராக என்னிடம் வந்தாள். "இன்னாக்கா, ஒரே ஒரு தபா சொல்லிட்டு கம்முனு குந்திகினு கீறியே, அது பாட்டுக்குப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

இப்போதெல்லாம் தேவி லீவு கேட்டால் முதல் தடவையே கொடுத்துவிடுகிறேன், கதையை முழுசாகக் கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை என்று அவளுக்குத்தான் என்மேல் கோபம்.